பதினான்கு வீட்டு உப்பு

பெல் துறை, மிசிசிப்பி
1862 ஏப்ரல் 22

கேப்டன் ஆம்ப்ரோஸ் டில்மன் அவர்கள் சமூகத்துக்கு,

உங்கள் மனைவி கெசியா எழுதிக்கொள்வது. மனைவி என்று ஒருத்தி இருப்பது நினைவிருக்கிறதல்லவா? குள்ளமாக, கொஞ்சம் பருமனாக, வாய் ஓயாமல் இருப்பாளே, அவளேதான்.

நேற்றுப் படகில் வந்த செய்தித்தாளைப் பாதிரியார் நம் கடையில் நின்று சத்தமாக வாசித்தார். ஓராண்டுக்கென்று பட்டாளத்துக்குப் போனவர்களை மூன்றாண்டு பிடித்து வைக்கப் போகிறார்களாம். பெண்கள் எல்லாரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும், "அழுறத நிறுத்துங்கடி, மிச்சத்தையும் கேப்போம்" என்றேன். மிச்சத்தில்தான் விஷயம் இருந்தது. சிப்பாய்கள் தங்கள் அதிகாரிகளை இன்னொரு முறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமாம். தோற்ற அதிகாரி முப்பத்தைந்து வயதைத் தாண்டியவராக இருந்தால் வாளைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாமாம்.

உங்களுக்கு நாற்பத்தாறு. வெளியில் நாற்பத்திரண்டு என்று சொல்லித் திரிகிறீர்கள். இந்த ஒரு முறை உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

போன வருஷம் உங்களை எப்படிக் கேப்டன் ஆக்கினார்கள் என்று எனக்குத் தெரியாதா? நம் தோட்டத்தில் நாலு பன்றி சுட்டோம், இரண்டு பீப்பாய் விஸ்கியைத் திறந்தோம். அத்தனை பேருக்கும் சாம்பல் நிறத் துணி நம் கடையிலிருந்து போனது. ஊரே கையைத் தூக்கியது. நீங்களும் துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமலே கேப்டன் ஆனீர்கள். ஆசை தீர்ந்துவிட்டதல்லவா? இந்த மாதம் நடந்த பெரிய சண்டையிலும் பிழைத்துவிட்டீர்கள். இப்போது "எனக்கு வேண்டாம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

கடையில் ஊசி இல்லை, காபி இல்லை, விளக்குத் திரி இல்லை. வெண்டை விதையை வறுத்துப் பொடித்துக் காபி என்று குடிக்கிறோம். பாதிரியார் அதையும் இரண்டாவது கோப்பை கேட்கிறார், மனிதருக்கு அப்படி ஒரு விசுவாசம். உப்புதான் பெரிய பஞ்சம். குளிர்காலத்தில் அரைகுறை உப்பில் போட்ட பன்றிக்கறி, வெயில் ஏறியதும் வீடு வீடாக நாற ஆரம்பித்துவிட்டது.

உங்களுக்குச் சமைக்கவும் துவைக்கவும் என்று நம் அடிமை நெட்டைக் கூட்டிப் போய்ப் பதின்மூன்று மாதம் ஆகிறது. அவன் பெண்டாட்டி வினி ஒன்றும் கேட்பதில்லை. நாம் விலை கொடுத்து வாங்கியவள், கேட்டால் வாய் நீளம் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உங்கள் கடிதம் வரும் நாளில் மட்டும் நான் நிற்கும் இடத்தையே மூன்று முறை பெருக்குகிறாள்.

வந்து சேருங்கள். எனக்கு உங்களைக் கிண்டல் செய்யாமல் நாக்கு துருப்பிடித்துவிட்டது.

கெசியா


கொரிந்த் முகாம்
1862 ஏப்ரல் 27

அன்புள்ள கெசியா,

உன் கடிதம் கிடைத்தது. சிரித்தேன். இங்கே சிரித்து நாளாயிற்று.

மழையும் சேறும்தான். சண்டையில் காயம்பட்டவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் படுத்தவர்கள் அதிகம். எல்லாம் தண்ணீரால் வருவது என்பது என் எண்ணம். மருத்துவர்கள் காற்று என்கிறார்கள். நான் மருத்துவன் இல்லை. ஆனால் கோவேறு கழுதை மேல் மூட்டை ஏற்றி ஊர் ஊராக விற்றுத் திரிந்த ஏழு வருஷத்தில், எந்தக் கிணற்றில் குடித்தால் மறுநாள் நடக்க முடியாது என்று கற்றுக்கொண்டேன். கூடாரங்களுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, அதில் ஊறும் பழுப்புத் தண்ணீரைத்தான் பட்டாளத்தின் மற்ற கம்பெனிகள் குடிக்கின்றன. நான் என் ஆட்களை ஒன்றரை மைல் தள்ளியுள்ள ஊற்றுக்கு விரட்டுகிறேன். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நெட் முன்னால் போவான், இவர்கள் முனகிக்கொண்டு பின்னால் போவார்கள். எனக்குத் "தண்ணிக் கிழவி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லூசிண்டா பேட்டின் மூத்த மகன் ஜெஸ் என் காதுபடவே, "கிழவி வாளியத் தூக்கச் சொல்லுது, வாங்கடா, வடக்கத்தி யாங்கிக்காரன் நம்மள தண்ணிக்காரன்னு நெனச்சு சுடாம விட்ருவான்" என்கிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். போகிறார்கள் என்பதுதான் முக்கியம். நம் கம்பெனியில் காய்ச்சலுக்கு இதுவரை ஒருவரையும் பறிகொடுக்கவில்லை. பக்கத்துக் கம்பெனியில் பதினோரு பேர்.

மே எட்டாம் தேதி ஓட்டு. எதிரே நிற்பது லெப்டினன்ட் கிளேபோர்ன் ஹார்கிரோவ். பெரிய பருத்தித் தோட்டத்துப் பிள்ளை, தொப்பியில் இறகு, நல்ல குதிரை. கெட்டவன் இல்லை. ஆனால் யாரையும் வருத்தப்படுத்த மனசு வராது அவனுக்கு. அவன் வந்தால் ஊற்றுக்குப் போவது மறுநாளே நின்றுவிடும்.

அதனால் விலக மாட்டேன். களைத்துப் போயிருக்கிறேன், கெசியா. முட்டி மடங்க மறுக்கிறது. இரவில் எழுந்து உட்கார்ந்தால் எங்கே இருக்கிறேன் என்று தெரிய நேரம் ஆகிறது. அவர்களாக வேண்டாம் என்றால் வருவேன். நானாக விட்டு வர மாட்டேன்.

சொல்ல மாட்டார்கள். எழுபத்தொரு பேரில் நாற்பத்து நான்கு பேர் என் பக்கம். நான் முகம் பார்த்துத் துணி வெட்டிப் பழகியவன், தப்பாது.

ஆம்ப்ரோஸ்


பெல் துறை
1862 மே 1

தண்ணிக் கிழவி அவர்களுக்கு,

பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஜெஸ்ஸுக்கு நான் சொன்னதாக ஒரு சபாஷ் சொல்லுங்கள்.

ஆகவே விலக மாட்டீர்கள். சரி. நான் மறுபடி கேட்கப் போவதில்லை. அரைப் படிப்புக்காரி, மூன்று குளிர்காலம் பள்ளிக்கூடம் போனவள், உங்களோடு வாதாடி ஜெயித்திருக்கிறேனா என்ன?

ஊர்ச் செய்தி சொல்கிறேன். நம் பழைய புகைக் கொட்டகை இருக்கிறதே, உங்கள் அப்பா காலத்திலிருந்து கறி தொங்கவிட்டது, அதன் மண் தரையை நானும் வினியும் கொத்தி எடுத்தோம். முப்பது வருஷமாகக் கறியிலிருந்து சொட்டிய உப்பெல்லாம் அந்த மண்ணில்தானே இருக்கிறது. மண்ணை, அடியில் ஓட்டையுள்ள சாம்பல் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, வடிந்ததைப் பெரிய சட்டியில் காய்ச்சினோம். நான்கு நாள். கண்ணெல்லாம் புகை. வினி தன் கைக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே, "இதுக்குப் பேசாம கடலையே இங்க இழுத்துட்டு வந்திருக்கலாம்" என்றாள். கடைசியில் பழுப்பு நிறத்தில், புகை வாடையோடு உப்பு இறங்கியது. நாக்கில் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புக்கு அழுதவள் என்று சிரிக்காதீர்கள்.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. பெண்கள் வருகிறார்கள். நம் சாப்பாட்டு மேஜை மேல் உட்கார்ந்து புருஷன்மாருக்கும் மகன்களுக்கும் கடிதம் எழுதுகிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பாதிரியார் மகள் எழுதிக் கொடுக்கிறாள். நாளைக்கு முகாமுக்குப் பொட்டலங்கள் ஏற்றிப் போகும் வண்டியில் அத்தனையும் வரும். உங்கள் ஆட்களின் முகம் மலர்வதைப் பாருங்கள்.

ஓட்டு எட்டாம் தேதி என்றால் செய்தி எனக்குப் பதிமூன்றுக்குள் வரும். உங்கள் சாய்வு நாற்காலிக்குப் புது இருக்கை பின்னக் கொடுத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள், பழையது பிய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கெசியா


கொரிந்த்
1862 மே 10

கெசியா,

தோற்றேன். இருபத்தொன்பது, நாற்பத்திரண்டு.

எப்படி நடந்தது என்று ஒரு முறை எழுதிவிடுகிறேன். அப்புறம் இதைப் பற்றி நீயும் எழுத வேண்டாம். ஹார்கிரோவையும் என்னையும் இரண்டு ஓக் மரத்தைப் பார்த்து நிற்க வைத்தார்கள், முதுகு ஆட்கள் பக்கம். யாருக்கு யார் வேண்டுமோ அவர் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் மரப்பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் காதை மூட முடியுமா? அந்தக் கால்களுக்குச் செருப்பு விற்றவன் நான். ஒவ்வொருவன் நடையும் தெரியும். பேட் சகோதரர்கள் இருவரும் என் பின்னால் வரை வந்தார்கள். நின்றார்கள். பிறகு அந்தப் பக்கம் போனார்கள். அதற்கப்புறம் நான் கவனிக்கவில்லை.

திரும்பினபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹார்கிரோவ்தான் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்டர் டில்மன், சத்தியமா நான் எதிர்பாக்கல" என்றான். நம்புகிறேன். ஜெஸ் பேட் கூடாரத்துக்குப் பின்னால் நின்று அழுதானாம், நெட் சொன்னான். ஜெயித்த பக்கம் நின்றவன் எதற்கு அழ வேண்டும்?

வீட்டுக்கு வரலாம். கையில் காகிதம் இருக்கிறது. வரப்போவதில்லை.

யோசித்துப் பார். பத்தொன்பது வருஷம் கடை வைத்திருந்தேன். இரண்டு பீப்பாய் மேல் ஒரு பலகை போட்டு ஆரம்பித்தது. இவர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் துணி வெட்டினேன். என் பேச்சுக்காகத்தான் என்னிடம் வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆற்றங்கரையில் வேறு கடை இல்லை என்பதால் வந்திருக்கிறார்கள். அது இப்போதுதான் உறைத்தது. மறுபடியும் அந்தப் பலகைக்குப் பின்னால் நின்று, அவர்கள் தாய்மார் முகத்தைப் பார்த்து, "என்ன வேணும் தாயி" என்று என்னால் கேட்க முடியாது.

ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கியிருக்கிறார்கள். அங்கே சாமான் கொடுத்து வாங்க ஆள் கேட்டார்கள். சேர்ந்துவிட்டேன். நெட் என்னோடு இருக்கிறான்.

நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடு.

ஆம்ப்ரோஸ்


பெல் துறை
1862 மே 15

என் அன்பான ஆம்ப்ரோஸ்,

நீங்கள் எழுத வேண்டாம் என்றீர்கள், நான் எழுதுகிறேன். நான் எப்போது சொன்னபடி கேட்டேன்?

உங்களுக்குப் பைத்தியமா? தோற்றவர்கள் எல்லாம் வீட்டுக்கு ஓடி வருகிறார்கள், நீங்கள் ஆஸ்பத்திரியில் துணிமூட்டை எண்ணுகிறீர்கள்! உங்களை யாரும் வெறுக்கவில்லை. உங்கள் முட்டிவலியைப் பார்த்து, பாவம் பெரியவர், போய் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். அது அன்பில்லையா? ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். லூசிண்டா பேட்கூட நேற்று, "கேப்டன் எப்ப வர்றாரு? வந்தா என் மகன் எப்படி இருக்கான்னு அவர்கிட்டதான் நேர்ல கேக்கணும்" என்றாள்.

நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை. அதில் பூனை படுத்திருக்கிறது. உங்களைவிடப் பிடிவாதக்காரி, எழுப்ப முடியவில்லை. வந்து நீங்களே எழுப்புங்கள்.

கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிண்டல் இல்லை.

கெசியா


கொரிந்த்
1862 மே 22

கெசியா,

நீ சொல்லும் அன்பு எனக்குப் புரியவில்லை. பாவம் பார்த்து ஒருவனை எழுபது பேர் முன்னால் மரத்தைப் பார்த்து நிற்க வைப்பார்களா?

அதை விடு. இங்கே வேறு நடக்கிறது. பன்னிரண்டாம் தேதியே ஊற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். மழையில் இரண்டு நடை எதற்கு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், ஹார்கிரோவ் சரி என்றிருக்கிறான். இப்போது அவர்களும் குழித் தண்ணீர்தான். பதினாறாம் தேதியிலிருந்து நம் ஆட்கள் ஒவ்வொருவராக இங்கே வருகிறார்கள். படுக்கை இல்லை, வராந்தாவிலும் படிக்கட்டிலும் படுக்க வைத்திருக்கிறோம். ஐந்து பேர் போய்விட்டார்கள். நான் ஹார்கிரோவைப் பார்க்கப் போனேன். அவனும் பாதிக் காய்ச்சலில் இருந்தான். "திரும்ப ஊத்துக்கு அனுப்பு தம்பி" என்றேன். "அனுப்புறேன் சார், ஆனா வாளி தூக்குற தெம்பு யாருக்கு இருக்கு?" என்றான். நெட்டை ஒரு நாளைக்கு நான்கு நடை அனுப்புகிறேன். ஒருவன் எத்தனை பேருக்குத் தூக்குவான்?

ஐந்தாவது ஆள் ஜெஸ் பேட். நேற்று மதியம். லூசிண்டாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீயும் போய் அவளோடு இரு. தம்பி ஏமஸ் இன்னும் கம்பெனியில்தான் இருக்கிறான்.

ஜெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டான். "கேப்டன், அம்மாவுக்கு உப்பு வந்துச்சா? சொன்னபடி குடுத்தாங்களா?" ஜுரத்தில் பிதற்றுகிறான் என்று நினைத்து, "வந்துச்சுடா, வந்துச்சு" என்றேன். "அப்ப என்ன மன்னிச்சிருங்க" என்றான். அதற்கப்புறம் பேசவில்லை.

இன்று காலை இன்னொருவன், ரூஃபஸ் லாயிட், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உப்புன்னா என்னடா?" என்று கேட்டேன். "வீட்ல கேளுங்க சார்" என்றான்.

கேட்கிறேன். உனக்கு என்ன தெரியும்?

ஆம்ப்ரோஸ்


பெல் துறை
1862 மே 27

ஆம்ப்ரோஸ்,

எல்லாம் தெரியும். நான்தான்.

கொட்டகை மண்ணில் காய்ச்சின உப்பைப் பதினான்கு பையாகக் கட்டினேன். பதினான்கு வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டேன். எல்லாம் உங்கள் பக்கம் நிற்கக்கூடியவர்களின் வீடு. ஹார்கிரோவுக்குப் போட வேண்டும் என்று உங்கள் ஆளுக்கு எழுதுங்கள், எழுதின கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டுங்கள், ஒரு பை இப்போது, இன்னொன்று ஓட்டு முடிந்ததும் என்றேன். அவர்களுக்குக் கறி நாறிக்கொண்டிருந்தது. வீட்டில் சின்னஞ்சிறுசுகள். ஒருத்தி மட்டும் முடியாது என்றாள். லூசிண்டாதான். "அந்த மனுஷன் என் பிள்ளைங்கள பத்திரமா பாத்துக்கிறாரு, அவர எப்படி எறக்கச் சொல்லுவேன்?" என்றாள். "உன் பிள்ளைகளப் பாத்துக்கிறதுக்கு என் புருஷன் சாகணுமா?" என்று கேட்டேன். அவள் பாதிரியார் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து எழுதச் சொன்னாள்.

நீங்கள் தண்ணீரைப் பற்றி எழுதின கடிதம் அப்போது என் இடுப்புப் பையில் இருந்தது. ஹார்கிரோவ் வந்தால் ஊற்று நின்றுவிடும் என்று தெளிவாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒரு கிழவனின் பிடிவாதமாகத்தான் பட்டது. எதையும் விளையாட்டாக எடுத்துக்கொண்டே வாழ்ந்தவள், அதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

உங்களை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மரத்தடியில் உங்கள் பின்னால் வந்து நின்று, அப்புறம் விலகிப் போனார்களே, அவர்கள் தாய்க்காகப் போனார்கள். நாற்பத்து நான்கு என்ற உங்கள் கணக்கு சரிதான். முகம் பார்க்கத் தெரிந்தவர்தான் நீங்கள். என் முகத்தைத் தவிர.

பதினைந்தாம் தேதியே இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்களோ என்று பயந்து அன்பு, பாவம் என்று கதை கட்டினேன்.

லூசிண்டா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் நம் வாசற்படியில் உப்புப் பை இருந்தது, பாதி செலவாகி. மீதியை அப்படியே முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு நிற்கும்போது வேலிக்கு வெளியிலிருந்து பேசினாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"உன் புருஷன் வர்றாரா?" என்றாள்.

"தெரியல" என்றேன்.

"வந்தா ஏமஸுக்கு யாரு தண்ணி கொண்டுவருவா?"

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

வாருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் தலை நிமிர்ந்து வரலாம், தடை ஒன்றுமில்லை. ஒரு மாதமாக நான் கேட்டது அதுதான், அதற்காகத்தான் இத்தனையும். இப்போது அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. நீங்கள் இங்கே வந்து உட்கார்ந்தால், அந்தப் பதினான்கு பேரும் தெருவில் போகும்போது நான் எந்தப் பக்கம் பார்ப்பேன்?

ஏமஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருவதை அப்புறம் பார்க்கலாம். வருவதாக இருந்தால்.

கெசியா


டூபெலோ அருகே
1862 ஜூன் 5

கெசியா,

உன் கடிதம் நாங்கள் கொரிந்தைக் காலி செய்த அன்று வந்தது. மூட்டை கட்டும் அவசரத்தில் நின்றபடி படித்தேன். பிறகு ரயிலில் நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் கோபம் வந்தது. கடிதத்தைக் கசக்கி வெளியே எறியப் போனேன். எறியவில்லை. எறிந்துவிட்டால் ஓட்டு எப்படிப் போனது என்பதற்கு என்னிடம் வேறு சாட்சி இல்லையே என்று தோன்றியது. அந்த நிலையிலும் எனக்கு வந்த முதல் எண்ணம் அதுதான், பார். ஒன்பது பேர் செத்திருக்கிறார்கள். எனக்குள்ளே ஒருவன், 'அப்பாடா, என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை' என்று மூச்சு விடுகிறான். உன்னைத் திட்ட எடுத்த வாயை அது அடைத்துவிட்டது.

நான் விலகியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று உனக்கு ஆறுதல் எழுதலாம். எழுத மாட்டேன். நான் விலகவில்லை.

தோற்ற மறுநாளே, சாதாரண சிப்பாயாகவாவது அந்தக் கம்பெனியிலேயே இருந்து வாளியைத் தூக்கியிருக்கலாம். ரோஷம் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். நீ செய்ததோடு அதையும் சேர்த்துக்கொள்.

மூன்றாம் தேதி கம்பெனிக்குப் போனேன். நிற்கக் கூடியவர்கள் முப்பத்தொரு பேர். ஹார்கிரோவ் தொப்பியில் இறகு இல்லை. வெறும் சிப்பாயாகச் சேர்த்துக்கொள் என்றேன். அவன் எழுந்து நின்றுவிட்டான். "சார், உங்களுக்கு நான் எப்படி உத்தரவு போடுவேன்?" என்றான். "வாயாலதான்" என்றேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ பின்னாலிருந்து, "கிழவி வந்துருச்சுடோய்" என்றான். சிரிக்கத்தான் சொன்னான், யாரும் சிரிக்கவில்லை. நான் வாளியைத் தேடி எடுத்தேன். ஏமஸ் பேட் இன்னொன்றை எடுத்துக்கொண்டு கூட வந்தான். மெலிந்திருக்கிறான், ஆனால் காய்ச்சல் இல்லை. இங்கே ஊற்று முக்கால் மைல்தான். திரும்பும்போது, "தோள் மாத்திக்கோங்க சார்" என்றான்.

நெட்டைப் பற்றி வினியிடம் நீதான் சொல்ல வேண்டும். கொரிந்தில் கடைசி நாள் மாலை தண்ணீருக்குப் போனான். இருட்டின பிறகும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். இரண்டு வாளியும் ஊற்றுப் பக்கம் நிறைத்து வைத்திருந்தன, மேலே இலை போட்டு மூடி. அங்கிருந்து வடக்கத்திக்காரர்கள் காவல் நிற்கும் இடம் இரண்டு மைல். அங்கே போய்ச் சேர்ந்தால் விடுதலை என்று அடிமைகளுக்குள் பேச்சு. கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். வாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கனமாக இருந்தன. ஒரு நாளைக்கு நான்கு நடை அவனை அனுப்பியிருக்கிறேன், அது எவ்வளவு கனம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

மூன்றாண்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வருவேனா என்று கேட்காதே. உன்மேல் கோபம் இருக்கிறதா என்றும் கேட்காதே. இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்க இப்போது தெம்பில்லை, அவ்வளவுதான்.

ஆம்ப்ரோஸ்


பெல் துறை
1862 ஜூன் 12

ஆம்ப்ரோஸ்,

கடிதம் வந்தது. கோபம் இருக்கட்டும். அது இல்லாமல் நீங்கள் எழுதியிருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

வினியை உட்கார வைத்து நெட்டைப் பற்றிய பகுதியை வாசித்தேன். கைவேலையை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும், "தண்ணி எடுக்கப் போனவரு, நல்ல தண்ணியா பாத்துப் போயிருக்காரு" என்றாள். அப்புறம் சிரித்தாள். பத்து வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறாள், அவள் சிரித்து நான் கேட்டதில்லை. உங்களை வரவழைத்தால் நெட்டும் வருவான் என்றுதானே அவளும் அந்த மண்ணைக் கொத்தினாள். மாலையில் அவள் வடக்குச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊர்க் காவல்காரன் வந்து, "உங்க ஆளு எப்படி இருக்கா? கண்ணு வெச்சுக்கோங்க" என்றான். "எனக்கு இப்பல்லாம் பார்வை சரியில்ல தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது பை உப்பைப் பதினான்கு வீட்டுக்கும் நானே தூக்கிக்கொண்டு போனேன். பேசினபடி கொடுக்க வேண்டுமே. ஒன்பது வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். மூன்று வீட்டில் உள்ளேயிருந்து குரல் வரவில்லை. ரூஃபஸ் லாயிட் மனைவி வாங்கி என் கண் முன்னாலேயே முற்றத்தில் கொட்டினாள். கொட்டிவிட்டு உட்கார்ந்து அள்ளினாள், வேறு என்ன செய்வாள்? நானும் உட்கார்ந்து அள்ளினேன். போடி என்று சொல்லவில்லை.

கடைசியாக லூசிண்டா. கதவு திறந்திருந்தது. உப்பை எடுக்கவில்லை, அதைப் பார்க்கக்கூட இல்லை. "கடுதாசி வந்திருக்காமே" என்றாள். வாசித்தேன். நீங்களும் ஏமஸும் ஊற்றுக்குப் போன இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தி, "அத மறுபடி படி" என்றாள். படித்தேன். "தோள் மாத்திக்கோங்கன்னா சொன்னான்?" என்றாள். "ஆமா." "அவங்க அப்பனும் அப்படித்தான்" என்றாள். நான் மீதியையும் வாசித்தேன், உங்கள் கோபம் உட்பட. ஒரு வரி விடவில்லை. என்னை உட்காரச் சொல்லவில்லை, நின்றே வாசித்தேன்.

கிளம்பும்போது வேலி வரை வந்தாள். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "அடுத்த கடுதாசி வந்தா எடுத்துட்டு வா. எனக்குப் படிக்க வராதில்ல" என்றாள்.

அதனால் சீக்கிரம் சீக்கிரம் எழுதுங்கள். ஏமஸ் என்ன சாப்பிட்டான், எப்படித் தூங்கினான், யாரோடு வம்பு பண்ணினான், எல்லாம் எழுதுங்கள். பெரிய எழுத்தில், நான் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கும்படி. உங்களைப் பற்றி ஒரு வரி போதும்.

கெசியா